கல்லுக் காம்பராவின் மதிப்பு

எங்கள் வீட்டை எங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதற்கு வேண்டிய பேச்சையெல்லாம் பேசிக் கொடுத்தவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. போனேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தை நடத்திய துரையையும் கொழும்புக்காரர்களையும் மட்டும் திட்டுகிற கதையாக இது முடிந்துவிடும். அவர்களைத் திட்டுவதற்கும் இதில் நிறைய இருக்கிறது. ஆனால் எனக்குரிய பங்கை நான் தள்ளிவைக்கக் கூடாது.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மற்றவர்களெல்லாம் தகரக் கூரை போட்ட, வரிசையாக அறைகள் ஒட்டிய லயங்களில் இருந்தார்கள். நாங்கள் மட்டும் ஆற்றுக்கு மேலே தனியாக நின்ற இரண்டு கல் அறைகளில் இருந்தோம். ஒரு காலத்தில் அதுவும் பத்து அறை கொண்ட லயம்தானாம். அப்பா பிறப்பதற்கு முன்பே மண் சரிந்து எட்டு அறைகள் ஆற்றோடு போய்விட்டன. மிஞ்சிய இரண்டையும் ஊரார் கல்லுக் காம்பரா என்றார்கள். காட்டை வெட்டித் தோட்டம் திறந்த காலத்தில், ஆற்றிலிருந்து கல்லைத் தலையில் சுமந்து வந்து அதைக் கட்டியவர்களில் அப்பாவின் தாத்தாவும் ஒருவர். அப்பாவுக்கு அவருடைய பேர் தெரியும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரியும், ஒரு கல் விழுந்து அவருக்கு இடது கால் விரல் நசுங்கியது தெரியும். அதற்கு மேல் தெரியாது.

வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு அந்த வீடு அழகாகத்தான் இருக்கும். சுவர் ஒன்றரை முழத்துக்கு மேல் தடிப்பு. கருங்கல்லும் சுண்ணாம்பும். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். அறைக்கு ஒரு கதவு, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. அடுப்புப் புகை சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். மழைக்காலம் தொடங்கினால் சுவர் உள்பக்கமாக வேர்க்கும். பாயைச் சுவரோரம் போட்டால் காலையில் நனைந்திருக்கும். கொழுந்துக் காட்டில் நனைந்து வந்த சேலையை உள்ளே விரித்தால் மூன்று நாளானாலும் காயாது. அம்மா ஈரச் சேலையோடுதான் மலைக்குப் போவாள், ஈரச் சேலையோடுதான் திரும்பி வருவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இருமல். அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதை இருமலை வைத்தே சொல்லிவிடுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்து அறைக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. அப்பா துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் நடையாய் நடந்து அந்த அறையையும் வாங்கினார். நடுச்சுவரில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி எடுத்தார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் அவருக்கு ஜன்னல் ஆசை வந்தது.

மூன்று தடவை முறைப்படி கேட்டார். முதல் தடவை வெள்ளைக்காரத் துரை இருந்தார். யோசிக்கிறேன் என்றார். இரண்டாவது தடவை கேட்டபோது, அரசாங்கம் தோட்டத்தை எடுக்கப்போகிறது, இனிமேல் எதுவும் என் கையில் இல்லை என்றார். தோட்டம் கைமாறி, நம்முடைய நாட்டுத் துரை வந்த பிறகு மூன்றாவது தடவை கேட்டார். "சொவத்துல கை வச்சா கட்டடம் முழுசும் விழுந்துரும். அப்புறம் ஒனக்கு வீடே இல்ல" என்று துரை சார்பில் கண்டாக்கையா பதில் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்தார்.

"ஞாயித்துக்கெழமையில இந்த வேலை வேணாங்க" என்றாள் அம்மா.

"மத்த நாள்ல மலைக்குப் போவணும். நீ பொகையில கெடக்கறது ஆண்டவருக்கும் தெரியும். அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

சாயங்காலத்துக்குள் பின்சுவரில் நாலு பெரிய கல்லையும் சில சின்னக் கல்லையும் பெயர்த்துவிட்டார். தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம் அடித்து, ஒரு கதவும் வைத்தார். வெளிச்சம் நேராக அடுப்பங்கரையில் விழுந்தது. அன்றைக்குத்தான் அந்த மூலையில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாரும் வந்து பார்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும் என்று உடனே தண்ணீருக்கு ஓடினாள்.

மூன்றாம் நாள் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்துச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று சொல்லி இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஜன்னலை அடைக்கவும் சொன்னார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அடைக்கவில்லை. துரையின் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் ஒரு தகரத்தைச் சாத்தி வைப்பார். போகப் போக அவர்களும் மறந்துவிட்டார்கள்.

அதன் பிறகு வந்த வருஷங்களில் அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக மனுஷர் இருக்கிற இடமாக மாறியது. பெக்டரியில் தளம் போட்டபோது மிஞ்சிய சிமெந்தைக் கேட்டு வாங்கி வந்து, சாணி மெழுகின தரைக்கு மேல் அப்பா சிமெந்து பூசினார். அம்மா மா மூட்டைத் துணிகளைத் தைத்துக் கூரைக்கு அடியில் கட்டினாள். இரவில் தலையில் கரித்தூள் கொட்டுவது நின்றது. அடுப்புக்கு மேல் ஒரு தகரக் குழாய் வந்தது. மாதா படத்துக்குச் சுவரில் ஒரு மாடம். இருமல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. சில ராத்திரிகளில் அம்மா விடியும்வரை தூங்கினாள்.

நான் ஹட்டனில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. பூசைக்கு வரும் சுவாமியார் சொல்லி எனக்கு அங்கே இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணினேன். டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டால், பிரஜாவுரிமைப் பத்திரத்தை அனுப்பு என்று பதில் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் கடதாசி இல்லை. அப்பாவின் விண்ணப்பம் எந்த அலுமாரியில் கிடந்ததோ தெரியாது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுகிற வேலையில் சேர்ந்தேன். இங்கிலீஷ் படித்தவள் ஏணை ஆட்டுகிறாள் என்று பெண்கள் சிரிப்பார்கள். அது எனக்குப் பொறுக்காது.

எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்துக்கு முந்தின வருஷம் ஒருநாள் ஆபீசிலிருந்து ஆள் வந்து, துரை என்னைக் கல்லுக் காம்பராவுக்கு வரச் சொல்கிறார் என்றார். போய்ப் பார்த்தால் எங்கள் வாசலில் துரையும், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண்ணும் நின்றார்கள். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவராம். அம்மா அவரை நோனா என்றாள். நானும் அப்படியே சொல்கிறேன். கழுத்தில் கேமரா, கையில் அளவு நாடா. நோனா எங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மாட்டைத் தடவுகிறவர் மாதிரி கல்லைத் தடவினார். நல்ல மனுஷி. இதைச் சொல்லத்தான் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்களில் அவர்தான் முதல் ஆள்.

இந்தப் பள்ளத்தாக்கில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகளில் இதைவிடப் பழையது இப்போது எதுவும் நிற்கவில்லை என்றார். துரைமார் பங்களாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இப்படி ஒரு வீட்டைப் பற்றி எழுத யாருமில்லை என்றார். அவர் பேசப் பேச எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வீட்டை ஒருவர் இங்கிலீஷில் புகழ்ந்து அதுவரைக்கும் நான் கேட்டதில்லை.

"உங்கள் அம்மா இந்த வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்?" என்று நோனா கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"சொவரு பூரா ஓதம். வருசம் முச்சூடும் இருமிக்கிட்டுத்தான் கெடக்குறேன். நல்ல எடமா ஒண்ணு தரச் சொல்லு" என்றாள் அம்மா.

துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோனாவிடம், "மழைக்காலத்தில் வீடு கொஞ்சம் குளிரும் என்கிறார்" என்று சொன்னேன். பொய்யில்லைதான். ஆனால் அம்மா சொன்னது அது இல்லை.

பிறகு, யாரும் கேட்காமலே, அப்பாவின் தாத்தா கல் சுமந்த கதையைச் சொன்னேன். கால் விரல் நசுங்கியதைச் சொன்னேன். பேரைச் சொன்னேன். நோனா எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம வீடு பரம்பரைச் சொத்துன்னு சொல்றாங்கப்பா."

"யாரோட சொத்து?"

"எல்லாருக்கும் சொத்தாம். நாட்டுக்கே."

"எல்லாருக்கும்னா நமக்கும்தானே?"

"நமக்கும்தான்" என்றேன்.

இரண்டு மாதத்தில் இங்கிலீஷில் ஒரு கடிதம் தயாரானது. வீட்டைப் பழையபடி ஆக்குவதற்காக எங்கள் குடும்பம் சம்மதத்தோடு வெளியேற வேண்டும். வேலை முடியும்வரை, சுமார் ஆறு மாதத்துக்கு, தோட்டத்தில் வேறு இடம். முடிந்த பிறகு, வசதிப்படி வேறு வீட்டுக்கு ஏற்பாடு செய்யப்படும். வசதிப்படி என்றுதான் எழுதியிருந்தது. ஆபீசில் அப்பாவை நிற்கவைத்து, நான் அதைப் படித்துச் சொன்னேன். "வேற வீடு குடுப்பாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். வசதிப்படி என்ற சொல்லை விழுங்கிவிட்டேன்.

ஏன் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அதற்கு முந்தின வாரம் துரை என்னைத் தனியே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வெளிநாட்டார் வந்து பார்ப்பார்கள், அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், நீதான் பொருத்தம் என்று சொல்லியிருந்தார். சேலை கட்டிக்கொண்டு, கையில் புத்தகத்தோடு அந்த வாசலில் உட்கார்ந்திருப்பதாக நான் என்னைப் பார்த்துவிட்டேன். ஏணைக் கயிறு என் கையை விட்டுப் போய்விட்டது. அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அவருடைய பேர் மட்டும்தான். அதை மெதுவாக, அழுத்தி எழுதினார்.

எங்களைப் பழைய உர ஸ்டோருக்கு மாற்றினார்கள். தேயிலைக்குப் போடுகிற உரத்தை அடுக்கி வைக்கிற தகரக் கொட்டில் அது. மூட்டைகளை அகற்றிவிட்டார்கள், வாடை போகவில்லை. கண்ணில் நீர் வரும். சாப்பாட்டிலும் அதே வாடை. காற்றுக் காலத்தில் தகரம் அடித்துக்கொள்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கல்லுக் காம்பராவுக்கு ஆயிரம் குறை இருந்தாலும் காற்று உள்ளே வராது. அதை அங்கிருந்து போன பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

"ஆறு மாசந்தானே" என்றாள் அம்மா.

பழையபடி ஆக்குவது என்றால் ஓட்டையை அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வேலை தொடங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. கட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்க வேண்டும். அதாவது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் போக வேண்டும். சிமெந்துத் தரை, துணிக் கூரை, புகைக்குழாய், மாதா மாடம், நடுச்சுவரில் எடுத்த வழி, ஜன்னல். நோனா ஒரு கடதாசியில் படம் போட்டு, அகற்ற வேண்டியவற்றைச் சிவப்பில் கோடிட்டிருந்தார். அந்தச் சிவப்புக் கோடுகளுக்குள் அப்பா அம்மாவின் பத்து வருஷம் இருந்தது.

அந்த வேலைக்குத் தோட்டத்திலிருந்து ஐந்து ஆண்களைக் கொடுத்தார்கள். அப்பா அதில் ஒருவர். கல்லின் போக்கு அவருக்குத்தான் தெரியும் என்று கண்டாக்கையா பேர் எழுதிவிட்டார். தன் கையால் பூசிய சிமெந்தைத் தானே கொத்திப் போட்டார். ஜன்னலை அடைக்கும் நாள் நானும் போயிருந்தேன். பழைய கல் கிடைக்காதே, புதுக் கல் வைத்தால் நிறம் சேராதே என்று நோனா கவலைப்பட்டார். அப்பா வீட்டின் பின்னால் போய், ஆற்றுக்கு இறங்கும் படியாகப் போட்டிருந்த நாலு கல்லைக் காட்டினார்.

"இதுதான் நான் கழட்டுன கல்லு. கீழ போட மனசில்லாம வச்சிருந்தேன்."

நான் அதை மொழிபெயர்த்தேன். நோனாவின் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நீங்கள்தான் இந்த வீட்டின் உண்மையான காவல்காரர் என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கல்லைத் தூக்கப் போனார். எந்தக் கல் எங்கே இருந்தது என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை. இருட்டுவதற்குள் அங்கே ஒரு ஜன்னல் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அந்த நாளுக்கு ஆபீசில் அவருக்கு ஒரு முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், போட்டார்கள்.

திறப்பு விழாவுக்குத் தோட்டம் திறந்த வெள்ளைக்காரருடைய பேரப்பிள்ளைகள் சீமையிலிருந்து வந்தார்கள். வாசலில் பித்தளைப் பலகை ஒன்று பதித்திருந்தார்கள். இங்கிலீஷிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தது. வீட்டைக் கட்டியவர் என்று அந்த வெள்ளைக்காரரின் பேர் இருந்தது. நான் நோனாவை ஓரமாகக் கூப்பிட்டு, "நான் சொன்ன பேர் எங்கே?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "தேடிப் பார்த்தேன். ஒரு ஆவணத்திலும் அந்தப் பேர் இல்லை. ஆதாரம் இல்லாமல் பலகையில் போட விடமாட்டார்கள். என் அறிக்கையில் வாய்மொழித் தகவல் என்று சேர்த்திருக்கிறேன்" என்றார்.

வீட்டுக்குப் பத்திரம் இருந்தது. என்றைக்குக் கட்டினார்கள், யார் காசு கொடுத்தார், எத்தனை அடி நீளம், எல்லாம். அதைக் கட்டியவர்களுக்கு அன்றைக்கும் இல்லை, அதில் பிறந்த எனக்கு இன்றைக்கும் இல்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் துரை என்னிடம் ஒரு காரியம் சொல்லியிருந்தார். வீடு வெறுமையாக இருந்தால் நன்றாக இராது. உன் அம்மாவைப் பழைய காலத்துப் பெண் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி, பக்கத்தில் கூடை வைத்து, அடுப்பு மூட்டி உட்காரச் சொல். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். "எனக்காக வாம்மா" என்று கெஞ்சினேன். வந்தாள். நான்தான் அவளுக்குக் கம்பளியை மடித்துத் தலையில் போட்டுவிட்டேன்.

குழாய் இல்லை, ஜன்னல் இல்லை. அடுப்பு மூட்டியதும் பழைய புகை அப்படியே திரும்பி வந்தது. வந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். அம்மா இருமலை அடக்கி அடக்கி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தில் வயதான ஒரு சீமாட்டி மட்டும் உள்ளே வந்து, குனிந்து அம்மாவைப் பார்த்தார்.

"இங்கே இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கேட்டுச் சொல்" என்றார் என்னிடம்.

கேட்டேன்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். "எப்புடி வாழ்ந்தோமா? பொகையில வாழ்ந்தோம். கண்ணு தெரியணும்னு ஒரு சன்னலு வச்சோம். அத அவரு கையாலயே அடைக்க வச்சிட்டாங்க. இப்ப ஒரம் வச்ச எடத்துல கெடக்கிறோம். ஒரு எழுத்து விடாம சொல்லு."

வாசலில் துரை நின்றார். நோனா நின்றார். பித்தளைப் பலகை வெயிலில் மினுங்கியது. என் புதுச் சேலையின் மடிப்பு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"அவர்கள் இங்கே சந்தோஷமாக இருந்தார்களாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

சீமாட்டி புன்னகை செய்து, அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"ஹாப்பின்னா சொன்ன?"

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நத்தார் பண்டிகைக்குக் கன்னியாஸ்திரிகள் மடத்திலிருந்து எனக்கு வாழ்த்து அட்டை வரும். அதில் இருக்கும் அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. என்னை ஒருநாளும் ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம்.

வேலை எனக்குக் கிடைத்தது. நாலு மாதம் அந்த வாசலில் உட்கார்ந்தேன். மனப்பாடம் பண்ணியதைச் சொன்னேன். ஆடி மாதம் கலவரம் வந்தது. ஹட்டன் பக்கத்துக் கடைகள் எரிந்த செய்தி வந்த நாளிலிருந்து நாங்களே வெளியே தலைகாட்டப் பயந்து கிடந்தோம். வெளிநாட்டார் யார் வருவார்கள்? சாவியை ஆபீசில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். பழையபடி பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன்.

பார்க்க ஆள் வராத வீட்டை என்ன செய்வது? உர ஸ்டோரில் நாங்கள் இருந்ததால் உரத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஆகவே மூட்டைகளைக் கல்லுக் காம்பராவில் அடுக்கிப் பூட்டினார்கள்.

வீடு கேட்டு அப்பாவும் நானும் ஆபீசுக்கு நடந்தோம். அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதுத் துரை பைலிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். "உனக்கு இங்கிலீஷ் தெரியுமாமே. சத்தமாக வாசி" என்றார். வாசித்தேன். வசதிப்படி என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதற்கு என்ன அர்த்தம்? அப்பாவுக்குச் சொல்."

"அவங்களுக்கு வசதிப்பட்டாத்தான் குடுப்பாங்களாம்ப்பா" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இது அன்னைக்கும் எழுதியிருந்துச்சா?" என்று கேட்டார்.

"எழுதியிருந்துச்சு."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நோனாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வந்தது. தானும் நிர்வாகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். எழுதியும் இருப்பார். ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா உர ஸ்டோரில் மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். சிங்களத்தில் கேட்டார். நான் முழுவதையும் சொன்னேன். உரம், தகரம், அதற்கு முன்னால் கல்லு, புகை, ஒன்றையும் விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் அம்மாவைத் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம்.

அந்த வருஷக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மலைநாட்டுப் பழைய கட்டடங்களைப் பற்றிய தடித்த புத்தகம். நோனா அனுப்பியிருந்தார், அம்மா இறந்தது அவருக்குத் தெரியாது. பங்களாக்கள், கோவில்கள், ஸ்டேஷன்கள் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கங்களில் கல்லுக் காம்பரா. அடுப்புக்கு முன்னால் அம்மா. எங்களிடம் அவளுடைய படம் வேறு ஒன்றும் கிடையாது.

அப்பா புத்தகத்தைக் கதவண்டை எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருமல அடக்கிக்கிட்டே இருந்தா அன்னைக்கு. படத்துல அது தெரியல" என்றார். பிறகு, "கீழ என்னா எழுதியிருக்கு?" என்றார்.

"பழைய தோட்டத் தொழிலாளிப் பெண், தன் சொந்த வீட்டில்."

"தன் சொந்த வீட்டுலயா?"

"ஆமாப்பா."

"சரியாப் படிச்சியா?"

"சரியாத்தாம்ப்பா படிச்சேன்."

அவர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "இன்னொருக்கா படி. ஒவ்வொரு எழுத்தா படி" என்றார்.

நான் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, இங்கிலீஷிலும் தமிழிலும் படித்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.